ஷப்னம் எந்த எண்ணையும் தவறாக அடிக்கவில்லை

விருப்ப ஓய்வு வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் சமீபத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு வெப் அப்ளிகேஷனைப் புதுக் கணினியில் செட்டப் செய்யும்போது அது ஓடாமல் நின்றால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது, எதைத் தொடக்கூடாது என்று புதியவர்களுக்கு நான் எடுத்துவந்த வகுப்பை அப்படியே எழுதித் தர வேண்டுமாம். அந்த ஒரு நம்பர் கதையைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள், அதைக் கேட்டால்தான் புதியவர்களுக்குப் பயம் வருகிறது என்றும் சொன்னார்கள்.

அந்தக் கதையைப் பத்து வகுப்புகளிலாவது சொல்லியிருப்பேன். வேலையில் சேர்ந்து எட்டு நாளே ஆன ஒரு பெண் ஒரே ஒரு எண்ணைத் தவறாக அடித்தாள், ஒரு பெரிய மருத்துவமனையின் டயாலிசிஸ் பட்டியல் முழுவதும் அழிந்துபோனது, நாங்கள் ஓடி ஓடி மீட்டோம். இவ்வளவுதான் கதை. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

அதில் ஒரு பொய் இருக்கிறது. அது என் பொய். மூன்று வாரங்களுக்கு முன் என் மகள் சாப்பாட்டு மேசையில் ஏதோ சொல்லப்போய், அந்தப் பொய் என் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டது. அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதித் தருவதற்கு முன், எனக்குப் பொய் சொல்லக் கஷ்டமாக இருக்கும் மொழியில் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

நான் கரோல் பாகில் வளர்ந்தவள். அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. மோதி பாக் தமிழ்ப் பள்ளி, கல்லூரி, பிறகு எம்.சி.ஏ. என்று எல்லாம் தில்லியிலேயே முடிந்தது. நேரு ப்ளேஸில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். மூன்றாவது மாடி, பாதி நாள் ஓடாத லிஃப்ட், பதினெட்டுப் பேர். கடைசி வரை அங்கேயே இருந்தேன்.

எங்கள் தலைவர் மாத்தூர் சார். குரலை உயர்த்தவே மாட்டார். அவருக்கு இரண்டு விதிகள் இருந்தன.

முதல் விதி செட்டப் குறிப்பு பற்றியது. புதிதாகச் சேர்பவருக்கு ஒரு காலிக் கணினியும் நாலு பக்கக் குறிப்பும் கொடுப்பார். அதைப் படித்து அவர்களே ப்ராஜெக்டை ஓட வைக்க வேண்டும். பழையவர்கள் யாரும் பக்கத்தில் உட்காரக் கூடாது. முக்கியமாக, இன்னொருவர் கணினியிலிருந்து எந்த ஃபைலையும் எடுத்துப் போடக் கூடாது. புதியவர் எந்த வரியில் நிற்கிறாரோ அந்த வரியில் குறிப்புக்கு ஓட்டை என்று அர்த்தம். சிவப்புப் பேனாவை அவர் கையிலேயே கொடுத்து, விட்டுப்போனதை எழுதச் சொல்வார். என் முதல் வாரத்தில் இரண்டு நாள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு அழுகிற நிலையில் அவரிடம் போனேன். "சர்வரை ஓட விடவும்" என்று குறிப்பில் இருந்தது, எந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு என்று இல்லை. அவர் கை கூப்பி, மூன்று வருடமாக இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, நன்றி என்றார். தில்லியில் ஒரு மேலதிகாரி எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது விதி ஹிந்தியில் மூன்றே சொல். "ஹாத் கோத் மே." கைகள் மடியில். ஏதாவது உடைந்தால் முதலில் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உடைந்த நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே அவர் வந்து பார்க்க வேண்டும். சரி செய்கிறேன் பேர்வழி என்று யாராவது ஒரு எழுத்தைத் தொட்டாலும் தடயம் போய்விடும் என்பார்.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்த விசித்திரங்கள் நிறைய. ஒருமுறை எல்லோர் கணினியிலும் ஓடிய ப்ராஜெக்ட் என் பக்கத்து மேசைக்காரரிடம் மட்டும் ஓடவே இல்லை. பாதி நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். மாத்தூர் சார் வந்தார், கை படாமல் திரையைப் பார்த்தார். மேசைக்காரர் பக்தர். வேலை செய்யும் ஃபோல்டருக்கு 'ஜெய் மாதா தீ' என்று பெயர் வைத்திருந்தார். பெயருக்கு நடுவே இடைவெளி வந்தால் எங்கள் புரோகிராம் ஒன்றுக்குப் பாதை புரியாது. "பாய் சாஹப், மாதாவுக்கும் ஜெய்க்கும் நடுவில் இவ்வளவு தூரம் வைத்தால் அவள் எப்படி வருவாள்?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். இடைவெளியை எடுத்ததும் ஓடியது. குறிப்பில் சிவப்பு மையில் ஒரு வரி கூடியது.

இப்போது ஷப்னம்.

பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். யமுனைக்கு இந்தப் பக்கம்தான் வீடு, தந்தை தையல்காரர். குடும்பத்தில் முதலில் வேலைக்குப் போகும் பெண். டிஃபன் டப்பாவை மதியம் எல்லோருக்கும் நீட்டிவிட்டுத்தான் சாப்பிடுவாள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள். எட்டாவது நாள் அவளுடைய செட்டப் ஒரு இடத்தில் நின்றது. டேட்டாபேஸ் இருக்கும் கணினியின் பெயர் தெரியவில்லை என்று பிழை வந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்னால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எங்களிடம் இரண்டு டேட்டாபேஸ்கள் உண்டு. ஒன்று நாங்கள் விளையாடிப் பார்க்க, சோதனைக்கு. மற்றொன்று மருத்துவமனையில் உண்மையான நோயாளிகளின் பெயர்களோடு ஓடிக்கொண்டிருப்பது. சோதனை டேட்டாபேஸுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரைச் சொன்னால் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற சிறிய ஃபைல் சொல்லும். முகவரிப் புத்தகம் மாதிரி. மருத்துவமனையில் மட்டும் தெரிந்த ஒரு பிழையைப் பார்க்க எனக்கு உண்மையான டேட்டாபேஸ் தேவைப்பட்டது. ப்ராஜெக்டின் அமைப்பு ஃபைலை மாற்றினால் அது தவறிப்போய் எல்லோருக்கும் போய்விடுமே என்று ஜாக்கிரதையாக யோசித்து, என்னுடைய முகவரிப் புத்தகத்தில் மட்டும் சோதனைப் பெயருக்கு நேரே உண்மையான முகவரியை எழுதினேன். இரண்டு முகவரிகளுக்கும் கடைசி எண் மட்டும்தான் வேறு. போதாததற்கு இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட், சின்ன நிறுவனம். வேலை முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று இருந்தேன். மறந்துபோனேன். எங்கே பார்த்தாலும் 'சோதனை' என்று எழுதியிருந்ததால் எனக்கு நினைவு வரவும் வழியில்லை.

ஷப்னம் என் மேசைக்கு வந்தபோது நான் கைப்பையை எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். மயூர் விஹாரில் இருக்கும் மகளின் பள்ளியிலிருந்து ஃபோன் வந்திருந்தது. இனியாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள், உடனே வாருங்கள் என்றார்கள். எனக்குக் குழந்தை விஷயத்தில் எப்போதும் பதற்றம்தான், இன்றைக்கும் அவள் மெட்ரோவில் ஏறியதும் ஒரு செய்தி அனுப்பாவிட்டால் எனக்கு மூச்சு சரியாக வராது. ஷப்னம் பிழைச் செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் அதைப் பாதி படித்தேன்.

"என் மெஷின்ல ஓடுது. என் ஹோஸ்ட்ஸ் ஃபைலை அப்படியே எடுத்துப் போட்டுக்கோ" என்று ஹிந்தியில் சொன்னேன்.

"தேவகி ஜி, குறிப்பில் சிவப்பால் எழுத வேண்டாமா?"

"அப்புறம் எழுதலாம். ஜல்தி."

அந்த 'ஜல்தி'யை மட்டும் மறக்க முடியவில்லை.

எங்கள் செட்டப்பின் கடைசிப் படி என்னவென்றால், டேட்டாபேஸில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு இருபது மாதிரி நோயாளிகளை நிரப்பும். சோதனை டேட்டாபேஸை யார் எத்தனை முறை துடைத்தாலும் கவலையில்லை. புதுக் கணினியில் ஒரே ஒரு தடவை செய்வது அது. அதனால்தான் அந்த ஒரு வாரமும் என் கணினியில் எதுவும் ஆகவில்லை.

நான் பள்ளியிலிருந்து இனியாவை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தபோது மாத்தூர் சார் அழைத்தார். மருத்துவமனை கவுன்டரில் இருக்கும் பெண்மணி ஃபோன் செய்தாராம். உங்கள் டெஸ்ட் பேஷண்ட் ஒன்றிலிருந்து இருபது வரை எல்லோரும் சௌக்கியமாக வந்து சேர்ந்துவிட்டார்கள், எங்கள் பேஷண்டுகளை எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டாராம். சார் அதைச் சிரிக்காமல் சொன்னார். பக்கத்து ஃப்ளாட்டில் குழந்தையை ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் நான் எழுதிய அந்த வரி கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

அலுவலகத்தில் எல்லோரும் ஷப்னத்தின் மேசையைச் சுற்றி நின்றார்கள். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டே நாளில் அந்த விதியை எங்களைவிட நன்றாகக் கற்றிருந்தாள்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் இடத்துக்குப் போனேன். ஃபைலைத் திறந்தேன். வரி இருந்தது. கடைசி எண்ணை அழித்து, சோதனை முகவரியின் எண்ணை அடித்து, சேமித்து, மூடினேன். வேறு யாராவது மறுபடி எடுத்துப் போட்டுவிடக் கூடாதே, ஆபத்தை நீக்கத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கலாம். ஆனால் அதைச் செய்யும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஆபத்தை நீக்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாத்தூர் சார் அந்தத் தவறான முகவரியை ஷப்னத்தின் கணினியில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தேவகி ஜி மெஷினிலிருந்து எடுத்தேன் என்றாள். அவர் என் மேசைக்கு வந்து, என் ஃபைலைக் காட்டச் சொன்னார். ஃபோல்டரைத் திறந்து, ஃபைலைத் திறந்து காட்டினேன். சரியான எண் இருந்தது. அவர் திரையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு அவளிடம் போய் மிகவும் மெதுவாகக் கேட்டார், "பேட்டா, ஃபைலை எடுத்துப் போட்டாயா, பார்த்து டைப் செய்தாயா?"

"எடுத்துத்தான் போட்டேன் சார்."

"நன்றாக நினைத்துப் பார்."

அவள் நினைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் என் திரையைப் பார்த்தேன். அவளுக்கு என்மேல் சந்தேகம் வந்திருந்தால்கூட எனக்கு இன்று இவ்வளவு கஷ்டம் இருக்காது. அவளுக்குச் சந்தேகம் தன் மேல்தான் வந்தது.

"டைப் செய்திருப்பேன் போலிருக்கிறது, சார்" என்றாள்.

என் கண் முன்னால் ஒரு பெண் தன் நினைவையே தானே திருத்திக்கொண்டாள்.

முந்தைய நாளின் பிரதி எங்களிடம் இருந்தது, அதை ஏற்றிவிட்டார்கள். ஆனால் அன்று காலை முழுக்கக் கவுன்டரில் பதிவானவை போய்விட்டன. நோயாளிகளின் கையில் இருந்த சீட்டுகளைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டும். மாத்தூர் சார் என்னையும் ஷப்னத்தையும் மருத்துவமனைக்கு அனுப்பினார். ஆட்டோவில் அவள், உங்கள் குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

டயாலிசிஸ் பிரிவின் வெளியே வரிசை நின்றது. வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை வந்தே ஆக வேண்டியவர்கள். ஒரு தடவை தவறினால் மூச்சு முட்டும் என்பது அவர்களைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்த நாளுக்கான முறையில் தன் பெயர் இல்லை என்று கேள்விப்பட்டதும் கூட்டம் கவுன்டரை நெருக்கியது. யார் அழித்தது என்று ஒருவர் கத்தினார். கவுன்டர் அம்மாள், அழித்தது மருத்துவமனைக்காரர்கள் இல்லை என்று சொல்லிக்கொள்வதற்காகவோ என்னவோ, ஷப்னத்தைக் கை காட்டினார். வீங்கிய கால்களோடு ஒரு பெரியவர் முன்னால் வந்து சீட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பேட்டி, மேரா நாம் கஹாங் கயா?" மகளே, என் பெயர் எங்கே போனது? கோபமே இல்லை அவர் குரலில். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவள் சீட்டை வாங்கி, அவர் பெயரை அடித்து, திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு ஒவ்வொருவருக்கும் அப்படியே திருப்பிக் காட்டினாள். நான் பக்கத்துக் கணினியில் சீட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். மாலைக்குள் எல்லாப் பெயரும் திரும்பி வந்தன. ஒருவருக்கும் முறை தவறவில்லை. வகுப்பில் கதையை நான் இங்கேதான் முடிப்பேன். கை தட்டுவார்கள்.

மறுநாள் காலை ஷப்னம் வரவில்லை. நான் நேரே மாத்தூர் சார் அறைக்குப் போய் உட்காராமலே சொல்லிவிட்டேன். அந்த எண் என்னுடையது சார், நேற்று மத்தியானம் வந்து மாற்றினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில், கடைசியாக மாற்றிய நேரம் இருந்தது. நீங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த நேரம்."

அதுவரை நின்றிருந்த நான் உட்கார்ந்தேன்.

"நீங்களே சொல்வீர்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். அதற்குள் அந்தப் பெண் மருத்துவமனையிலிருந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். காத்திருந்தது என் தப்பு, தேவகி ஜி. எனக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. இப்போது அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்."

அவருடைய எதிரிலேயே நான் கூப்பிட்டிருக்கலாம். என் மேசைக்கு வந்து கூப்பிட்டேன். எடுத்தவர் அவள் தந்தை. ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை, இப்போதுதான் கண் அசந்தாள் என்றார். பிறகு, நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால், அவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். தன் மகள் தவறாக ஒரு எண்ணை எழுதிவிட்டதாக அவளே சொன்னாளாம், நோயாளிகள் விஷயம், அல்லா காப்பாற்றினான், இனி இந்த வேலை வேண்டாம் என்கிறாளாம், அவளை மன்னித்துவிட வேண்டுமாம்.

"கோயி பாத் நஹீங்" என்றேன். பரவாயில்லை.

மன்னித்துவிட்டேன். என் தப்புக்காக ஒரு தையல்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் பெரிய மனதோடு மன்னித்தேன். அவள் எழுந்ததும் பேசச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்தேன். அவள் பேசவில்லை. மாத்தூர் சார் கேட்டபோது, வீட்டுக்குப் பேசிவிட்டேன் என்றேன். அதுவும் பொய் இல்லை அல்லவா. அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் வகுப்பில், பயமுறுத்த ஒரு கதை வேண்டியிருந்தது.

இனி மூன்று வாரங்களுக்கு முந்தைய மாலை. இனியா இப்போது நொய்டாவில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே, இன்னிக்கு ஆஃபீஸ்ல செம தமாஷ் என்று ஆரம்பித்தாள். புது லேப்டாப்பில் அவளுடைய ப்ராஜெக்ட் செட்டப் ஓடவில்லையாம். ரோஹித் என்ற சீனியர் தன்னுடைய அமைப்பு ஃபைலைக் கொடுத்தானாம். இவள் ஓட விட்டாளாம். கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய உண்மையான கடைப் பக்கத்தில் மாதிரிப் பொருள்களாக வர ஆரம்பித்தனவாம்.

கரண்டியைக் கீழே வைத்தேன். "உன்னை என்ன சொன்னாங்க?"

"என்னையா? ஒண்ணும் சொல்லலையே. டீம் லீட் வந்து யாரு ஃபைல் இதுன்னு கேட்டாரு. ரோஹித் பையா கையத் தூக்கி, மேரா ஹை, என்னோடதுதான், லைவ் அட்ரஸ் போட்டுட்டு மாத்த மறந்துட்டேன்னாரு. அவ்ளோதான். ஒரு மணி நேரத்துல சரி பண்ணிட்டாங்க. அப்புறம் அவர் காசுல எல்லாருக்கும் மோமோஸ்."

"உடனேவா சொன்னான்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும். ஏன்மா, உன் முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

இருபத்தேழு வயதுப் பையன். ஒரு கையைத் தூக்கினான். அது அவ்வளவு சின்ன வேலை என்று எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. அவன் தூக்காமல் இருந்திருந்தால், இப்போது என் எதிரே உட்கார்ந்து ரசம் சாப்பிடுகிறவள், நானேதான் தப்பா டைப் பண்ணிட்டேன் போலம்மா என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நானும் நம்பியிருப்பேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் கை காயும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது எனக்கு வாந்தி வந்த நாளா?" என்றாள்.

"ஆமாம்."

"அந்த ஷப்னம் தீதிக்கு அப்புறம் தெரியுமா? நீ மாத்தினது?"

"இல்லை."

"அப்போ இன்னிக்கும் தான்தான் பண்ணிட்டோம்னு நினைச்சிட்டிருப்பாங்க."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் கேட்டது போல, தெரிந்துகொள்ளத்தான் சொன்னாள்.

அவளுடைய பழைய ஃபோன் எண்ணை அழைத்தால், அது இப்போது யாரிடமும் இல்லை என்கிறது. அவள் தந்தையின் தையல் கடை இருந்த இடத்தில் மொபைல் ரிப்பேர் கடை இருக்கிறது, போய்ப் பார்த்தேன். பக்கத்துக் கடைக்காரர் அவர்கள் காலி செய்து வருடங்கள் ஆயிற்று என்றார். பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். தெரியவில்லை, கம்ப்யூட்டர் வேலைக்குக் கொஞ்ச நாள் போனாள், பிறகு அப்பாவோடு தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள் என்றார்.

பிள்ளைகள் கேட்ட குறிப்பை முடித்து இன்று அனுப்புகிறேன். செட்டப் நின்றால் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பில் இல்லாததை யாருடைய மெஷினிலிருந்தும் எடுக்காதீர்கள், சிவப்பால் எழுதுங்கள். பெயரை நம்பாதீர்கள், அது எந்த முகவரிக்குப் போகிறது என்று பாருங்கள். ஒரு எண்ணைத் தவறாக அடித்த பெண் என்று உங்கள் எல்லோருக்கும் நான் சொன்னவள் எந்த எண்ணையும் அடிக்கவில்லை. அவள் பெயர் ஷப்னம். நான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், எடுத்துக்கொண்டாள். அவளை உங்களில் யாராவது எங்காவது பார்த்தால், என்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் இதைச் சொல்லுங்கள்.